‘ட்ரெயின் டு புசான்’ பிடித்தவர்களுக்கு ‘பெனின்சுலா’ ஏன் ஒட்டவில்லை?

கேள்வி இதுதான்: கொரிய ஜாம்பிப் படமான ‘ட்ரெயின் டு புசான்’ பார்த்துக் கண் கலங்கியவர்கள்கூட அதன் அடுத்த பாகமான ‘பெனின்சுலா’வைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்களே, ஏன்? முதல் படத்தின் ஹீரோ கோங் யூ இல்லாததாலா? கிராஃபிக்ஸ் சொதப்பியதாலா? இனிமேல் அதைப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

கோங் யூ இல்லை என்பதும் கிராஃபிக்ஸ் பல இடங்களில் பல்லிளிக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் படம் ஒட்டாமல் போனது அதனால் அல்ல. முதல் படம் முழுக்க முழுக்கக் கதவுகளைப் பற்றியது. யார் கதவைத் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள், மூடியபோது வெளியே நின்றது யார் என்பதில்தான் மொத்தக் கதையும் நடக்கிறது. இரண்டாவது படம் தொடக்கத்தில் அப்படி ஒரு கதவை மூடிக் காட்டிவிட்டு, அதன்பிறகு ஊர் முழுக்கத் திறந்தவெளியில் கார் ஓட்டப் போய்விடுகிறது. கீழே இரண்டு படங்களின் கதையும் முடிவு வரை வருகிறது. முதல் படத்தையே பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். புது ஆளிடம் கொடுத்துக் கெடுத்த சீக்வல் அல்ல இது. இரண்டையும் இயக்கியவர் யோன் சாங்-ஹோ. ஒளிப்பதிவாளரும் அதே லீ ஹியோங்-டியோக். ‘ட்ரெயின் டு புசான்’ 2016 மே மாதம் கான் திரைப்பட விழாவின் நள்ளிரவுக் காட்சிகளில் திரையிடப்பட்டு, ஜூலையில் கொரியாவில் வெளியானது. செலவு சுமார் 85 லட்சம் டாலர். கொரியாவில் மட்டும் 1.15 கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றது. அந்த நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடி சொச்சம்தான். நான்கு வருடம் கழித்து, 2020 ஜூலையில் வந்த ‘பெனின்சுலா’வுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம், சுமார் 1.6 கோடி டாலர். ஓடும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அது 118 நிமிடம், இது 116. மாறியவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர். முதல் படத்தின் திரைக்கதை பார்க் ஜூ-சுக் எழுதியது. இரண்டாவதை இயக்குநரே ரியூ யோங்-ஜேவுடன் சேர்ந்து எழுதினார். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

முதல் படம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டாவதில் என்ன கழன்றுபோனது என்று தெரியும்.

முதல் படம் நடப்பது கேடிஎக்ஸில். அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் தொடும் கொரிய ரயில். சியோலிலிருந்து புசானுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஏறி உட்கார்ந்தால் இறங்குவதற்கு நடுவில் மூன்று நான்கு ஊர்கள்தான். உள்ளே நடப்பதற்கு ஒரே நேர்கோடுதான். முன்னே போகலாம், பின்னே போகலாம், பக்கத்தில் ஒதுங்க இடம் கிடையாது. இந்த இடத்துக்குள் இயக்குநர் ஜாம்பிகளுக்கு, அதாவது கடிபட்டுத் தொற்றி நடைபிணமானவர்களுக்கு, மூன்றே மூன்று விதிகளைக் கொடுக்கிறார். கண்ணில் பட்டால் பாயும். கதவைத் திறக்கத் தெரியாது. இருட்டில் கண் தெரியாது, காதுதான்.

எந்த விதியையும் ஒரு விஞ்ஞானி வந்து விளக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாம்பிகள் முட்டி மோதும்போது கர்ப்பிணியான சியோங்-கியோங் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிச் செய்தித்தாளை ஒட்டுகிறாள். ஆள் தெரியாமல் போனதும் அந்தப் பக்கம் கூச்சல் அடங்குகிறது. வசனமே இல்லாமல் முதல் விதியும் இரண்டாவது விதியும் நமக்குப் புரிந்துவிட்டன. பிறகு ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து விளக்கு அணைகிறது. ஜாம்பிகள் திசை தெரியாமல் நிற்கின்றன. மூன்றாவது விதியும் வந்துவிட்டது. முதல் இரண்டையும் சொல்லிக்கொடுத்த பிறகுதான் பரீட்சையே வைக்கிறார்கள்; மூன்றாவது அந்தப் பரீட்சையின் நடுவிலேயே கிடைக்கிறது.

அந்தப் பரீட்சைதான் 9ஆம் பெட்டியிலிருந்து 15ஆம் பெட்டி வரை நடக்கும் பயணம். ஹீரோ சியோக்-வூவின் மகள் சூ-ஆனும் சியோங்-கியோங்கும் 13ஆம் பெட்டிக் கழிப்பறையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற பயணிகள் 15ஆம் பெட்டியில். சியோக்-வூ, சியோங்-கியோங்கின் கணவன் சாங்-ஹ்வா, பேஸ்பால் ஆடும் பள்ளி மாணவன் யோங்-குக் மூவரும் நடுவில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் தாண்ட வேண்டும். துப்பாக்கி கிடையாது. கொரியாவில் பொதுமக்கள் கையில் துப்பாக்கி இருக்காது, அதனால் இதில் செயற்கைத்தனம் எதுவும் இல்லை. கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டு, மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். முதல் பெட்டியில் சாங்-ஹ்வாவாக வரும் மா டோங்-சியோக்கின் முஷ்டி பேசுகிறது. தியேட்டரில் விசில் பறந்திருக்கும். அடுத்ததில் நிற்கும் ஜாம்பிகள் யோங்-குக்கின் சொந்த டீம் பையன்கள். மட்டையை வைத்துக்கொண்டு அடிக்க முடியாமல் உறைந்து நிற்கிறான். அப்புறம் வரும் பெட்டியில் சண்டையே இல்லை. சுரங்கம் வரும்வரை காத்திருந்து, செல்போன் ஒலியை ஒரு பக்கம் விட்டு, தலைக்கு மேலே சாமான் வைக்கும் பலகையில் ஊர்ந்து போகிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு தீர்வு, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சண்டைக் காட்சி எழுத நினைப்பவர்கள் இந்தப் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

இத்தனையும் தாண்டி 15ஆம் பெட்டிக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. இந்த முறை சாத்தியது ஜாம்பி அல்ல, பயணிகள். ‘இவர்களுக்குத் தொற்றியிருக்கும்’ என்று பஸ் கம்பெனி அதிகாரி யோன்-சுக் பயம் காட்ட, உள்ளே இருப்பவர்கள் திறக்க மறுக்கிறார்கள். அந்தச் சில நொடித் தாமதத்துக்கு விலை சாங்-ஹ்வாவின் உயிர். பின்னால் வரும் கூட்டத்தைத் தன் உடம்பால் தடுத்து நின்றபடி, பிறக்கப்போகும் குழந்தைக்கு அதுவரை தள்ளிப்போட்டு வந்த பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்த கதவை ஒரு பாட்டி திறக்கிறாள். 15ஆம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஜோங்-கில், கண்ணாடிக்கு வெளியே ஜாம்பியாக நிற்கும் தன் அக்காவைப் பார்க்கிறாள். திரும்பி, தப்பி வந்தவர்களைத் துரத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்க்கிறாள். அமைதியாகப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். முழுப் படத்திலும் பயங்கரமான காட்சி என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு துளி கிராஃபிக்ஸ் தேவைப்படவில்லை.

கொரியர்களுக்கு இது இன்னும் ஆழமாகத் தைத்ததற்குக் காரணம் உண்டு. 2014 ஏப்ரல் 16 அன்று சேவோல் படகு கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். ‘இருக்கும் இடத்திலேயே இருங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி உள்ளேயே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அடுத்த வருடமே மெர்ஸ் காய்ச்சல், 38 உயிர்கள். 2016இல் திரையில் ஒரு அரசு அதிகாரி டிவியில் தோன்றி ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று சொல்ல, ஜன்னலுக்கு வெளியே ஊர் எரிவதைப் பார்த்தவர்களுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போய்ச் சேரும் ஊர் புசான் என்பதும் சும்மா வைத்ததல்ல. 1950இல் கொரியப் போரில் வடக்குப் படை கிட்டத்தட்ட முழு நாட்டையும் பிடித்தபோது கடைசியாக மிஞ்சிய மூலை அதுதான். தற்காலிகத் தலைநகரும் அதுதான்.

சரி, ‘பெனின்சுலா’வுக்கு வருவோம்.

தொடக்கம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ராணுவ கேப்டன் ஜியோங்-சியோக், அக்கா குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு விரைகிறான். வழியில் ஒரு குடும்பம் குழந்தையைக் காட்டி ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறது. நிற்காமல் போய்விடுகிறான். கப்பலுக்குள் தொற்று நுழைகிறது. அக்கா மகன் கடிபட்டுவிடுகிறான். அக்கா மகனை விட்டு வர மறுக்கிறாள். ஜியோங்-சியோக் அந்த அறையின் கதவை வெளியிலிருந்து மூடிவிடுகிறான். அவ்வளவுதான், சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. குறுகிய இடம், ஒரு கதவு, ஒரு முடிவு, உடனடி விலை. முதல் படத்தின் ரத்தம் ஓடுவது இங்கேதான்.

அடுத்த காட்சியில் ஆங்கில டிவி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு தொகுப்பாளரும் ஒரு நிபுணரும் உட்கார்ந்துகொண்டு கொரியா எப்படி அழிந்தது, உலகம் எப்படிக் கதவடைத்தது என்று பாடம் நடத்துகிறார்கள். தண்ணீரும் செய்தித்தாளும் வைத்து விதியைச் சொல்லிக்கொடுத்த அதே இயக்குநர்! இங்கேயே பலருக்கு ஆர்வம் வடிந்துவிடும். கூடவே இன்னொரு நஷ்டம். மொத்த நாடும் போய்விட்டது என்றால் புசானும் விழுந்துவிட்டது என்று அர்த்தம். முதல் படத்தின் கடைசியில் சூ-ஆனும் சியோங்-கியோங்கும் சுரங்கத்தைக் கடந்து போய்ச் சேர்ந்த இடம் மிஞ்சவில்லை. அவர்கள் இருவரும் என்ன ஆனார்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. சீக்வல் என்று டிக்கெட் வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதானே?

நான்கு வருடம் கழித்து ஹாங்காங்கில் அகதியாக அவமானப்பட்டு வாழும் ஜியோங்-சியோக்கிடமும் அவன் அத்தான் சுல்-மின்னிடமும் ஒரு கும்பல் பேரம் பேசுகிறது. கொரியாவில் இரண்டு கோடி டாலர் உள்ள லாரி ஒன்று நிற்கிறது, எடுத்து வந்தால் பாதி உங்களுக்கு. பிரச்சினையின் வேர் இந்த இடம். முதல் படத்தில் எல்லோரும் யாரோ ஒருவருக்காக ஓடினார்கள்: மகளுக்காக, மனைவிக்காக, அக்காவுக்காக. வில்லன் யோன்-சுக்கூடக் கடைசியில், தொற்று தலைக்கேறி நினைவு தப்பும் நேரத்தில், குழந்தையைப் போல் தன் வீட்டு முகவரியைச் சொல்லி ‘அம்மா காத்திருப்பாள், வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்’ என்கிறான். இங்கே ஓட்டம் பணத்துக்காக. பணத்துக்காகச் சாகத் துணிந்தவர்கள் செத்தால் நமக்கென்ன? வறுமையும் அவமானமும் அவர்களைத் தள்ளின என்று காட்ட ஒரு உணவகக் காட்சி இருக்கிறது, ஆனால் அது கதைக்கு ஒரு அனுமதிச் சீட்டு மாதிரிதான், அதற்குமேல் வளரவில்லை.

இதற்குப் பிறகு ஜாம்பிகள் மெல்ல மெல்லப் பின்னணிக்குப் போய்விடுகின்றன. சண்டை 631 என்ற பிரிவோடு. மக்களைக் காப்பாற்ற வந்து, பின்னர் தறிகெட்டுப்போன ராணுவக் கூட்டம் அது. பிடிபட்டவர்கள் மேல் எண்களை எழுதி, ஜாம்பிகளோடு அடைத்துவிட்டு, யார் பிழைப்பார் என்று பந்தயம் கட்டுகிறார்கள். காட்சியாகப் பார்த்தால் பரவாயில்லை. ஆனால் மிருகமாகிவிட்ட மனிதர்களைத் தயாராகக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும், நம்மைப் போன்ற சாதாரணப் பயணிகள் பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிருகமாவதைக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! 15ஆம் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்களில் நாமும் ஒருவராக இருந்திருக்கலாம் என்ற உறுத்தல் இருந்தது. 631 ஆட்களைப் பார்த்து யாருக்கும் அப்படித் தோன்றாது. இதற்கு நடுவிலும் கேப்டன் சியோவாக வரும் கூ கியோ-ஹ்வான் தனியாகத் தெரிகிறார். தப்பிக்க வழி கிடைத்ததும் அந்த முகத்தில் வரும் நடுக்கத்தையும் பேராசையையும் பாருங்கள்.

விதிகளுக்கு என்ன ஆனது? இருட்டில் கண் தெரியாது, ஒளியும் ஒலியும் ஈர்க்கும் என்ற விதியை ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். சிறுமி யூ-ஜின் விளக்கு மின்னும் ரிமோட் கார்களை விட்டு ஜாம்பிக் கூட்டத்தை இழுத்துச் செல்வது ரசிக்கும்படி இருக்கிறது. ஆனால் இந்த விதியால் கதை பெரும்பாலும் இரவில் நடந்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. முதல் படத்தின் பயங்கரங்கள் பெரும்பாலும் பட்டப்பகலில் நடக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். டேஜியோன் நிலையத்தில் படிக்கட்டில் இறங்கும்போது ராணுவத்தினரே ஜாம்பியாகி நிற்பதும், டோங்டேகுவில் ரயில் மாறத் தண்டவாளத்தில் ஓடுவதும் நல்ல வெளிச்சத்தில். சுரங்க இருட்டு எப்போதாவதுதான் வரும், அதனால் அதற்கு மதிப்பு இருந்தது. ‘பெனின்சுலா’வில் பெரும்பாலும் இருட்டு என்பதால் இருட்டுக்கு மதிப்பே இல்லை.

கிராஃபிக்ஸ் புகாருக்கும் இங்கேதான் விடை. முதல் படத்தில் ரயில் பெட்டி என்பது கையால் தொடக்கூடிய செட். ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சிக்குக்கூடப் பச்சைத் திரை வைக்காமல் எல்இடி திரைகளில் படத்தை ஓடவிட்டார்கள். அதனால் நடிகர்களின் முகத்திலும் கண்ணாடியிலும் வெளி வெளிச்சம் இயல்பாக விழுகிறது. ஜாம்பிகளின் அசைவை நடன அமைப்பாளர் பார்க் ஜே-இன் உடல்களை வைத்தே உருவாக்கினார்; மூட்டுகள் வெட்டி இழுத்துத் திரும்பும் அந்த அசைவு கணினியில் செய்தது அல்ல. சியோக்-வூ குழு தப்பும் எஞ்சினின் பின்னால் ஜாம்பிகள் கொத்தாகத் தொங்கி இழுபடும் காட்சியில் கணினி வேலை உண்டு. ஆனால் அதற்குமுன் ஒன்றரை மணி நேரம் நிஜ உடல்களைப் பார்த்துப் பழகிவிட்டதால் கண் அதை மன்னித்துவிடுகிறது.

‘பெனின்சுலா’வின் கிளைமாக்ஸ் கார் துரத்தலில் அந்த மன்னிப்புக்கு இடமே இல்லை. தெரு, கட்டடம், கூட்டம், பல ஷாட்களில் வண்டியுமே கணினியில் பிறந்தவை. ஒரு வண்டி நூறு உடல்கள் மீது ஏறும்போது என்ன நடக்கும்? வேகம் விழும், ஸ்டியரிங் இழுக்கும், முன்பக்கம் நசுங்கும், ஏதாவது சக்கரத்தில் சிக்கும். இங்கே எதுவும் நடப்பதில்லை. ஜூனி என்ற பதின்வயதுப் பெண் ஓட்டும் கார் ஐஸ் மேல் போவதுபோல் வழுக்கி வளைகிறது, ஜாம்பிகள் கோலிக்குண்டுகளாகச் சிதறுகின்றன. எடை தெரியவில்லை என்றால் ஆபத்தும் தெரியாது. வீடியோ கேம் மாதிரி இருக்கிறது என்று பலரும் சொன்னது இதைத்தான். கடி என்றால் மரணம் என்று சொல்லிவிட்டு, ஆயிரம் ஜாம்பிகளுக்கு நடுவில் காரோட்டி வருபவர்களுக்கு ஒரு கீறல்கூட விழாது என்றால் எதற்காகப் பயப்படுவது? பணம் போதவில்லை என்று சொல்லமாட்டேன். கொரியப் பட்ஜெட்டில் இப்படி ஒரு துரத்தலை இவ்வளவு நீளத்துக்கு எழுதியதுதான் தப்பு.

கோங் யூ விஷயமும் இதேபோலத்தான். ஜியோங்-சியோக்காக வரும் காங் டோங்-வோன் கொரியாவில் பெரிய நட்சத்திரம், நடிப்பில் குறை சொல்ல முடியாது. பாத்திரம்தான் சப்பென்று இருக்கிறது. சியோக்-வூ ஆரம்பத்தில் நமக்குப் பிடிக்காத ஆள். பாட்டிக்கு இடம் விட்ட மகளிடம், இந்த மாதிரி நேரத்தில் நம்மைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவன். டேஜியோனில் தனக்கும் மகளுக்கும் மட்டும் ரகசியமாக வழி ஏற்பாடு செய்துகொள்பவன். பிறந்தநாள் பரிசு என்று முன்பு கொடுத்த அதே விளையாட்டுக் கருவியை மறுபடி வாங்கி வந்த அப்பா. அவனை ஒவ்வொரு பெட்டியாக மாற்றிக்கொண்டு போகிறார்கள். ஜியோங்-சியோக்கோ முதலிலிருந்தே கைதேர்ந்த வீரன். குறி தப்பாது. அவனுடைய குற்ற உணர்ச்சியைச் செயலில் காட்டாமல், சுல்-மின் ‘நீ முயற்சிகூடச் செய்யவில்லையே’ என்று கேட்கும் வசனத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் தாளில் ஒரு அருமையான முடிச்சு இருந்தது. ஜியோங்-சியோக்கைக் காப்பாற்றும் குடும்பத்தின் தலைவி, ஜூனிக்கும் யூ-ஜினுக்கும் அம்மாவான மின்-ஜியோங், நான்கு வருடம் முன் சாலையில் கைகாட்டிக் கெஞ்சியபோது அவன் விட்டுவிட்டுப் போன அதே பெண். ஒரு முழுப் படத்தைத் தாங்கக்கூடிய விஷயம் இது. ஒரு வீட்டுக்குள் வைத்து, அவளுக்கு இது எப்போது தெரியும், தெரிந்தபின் கதவைத் திறந்துவிடுவாளா என்று எழுதியிருந்தால் 15ஆம் பெட்டிக்கு நிகராக வந்திருக்கும். ஒரு சின்ன உரையாடலில் தீர்த்துவிட்டு லாரியைத் திருடக் கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டு படங்களும் கண்ணீரை நம்பித்தான் முடிகின்றன, அதனால் அந்த இரண்டு முடிவுகளை அடுத்தடுத்து போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. கடிபட்ட சியோக்-வூ மகளையும் சியோங்-கியோங்கையும் எஞ்சின் அறையில் உட்காரவைத்து, பிரேக் எது என்று காட்டுகிறான். கட்டிக்கொண்டு கதறும் மகளைப் பிரித்துவிட்டு ரயிலின் கடைசிக்கு நடக்கிறான். பிறந்த குழந்தையாக அவளைக் கையில் ஏந்திய நினைவு வருகிறது, சிரிக்கிறான், நிழல் மட்டும் தண்டவாளத்தில் விழுகிறது. சென்டிமென்ட் தூக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் நேரக் கணக்கு சரியாக இருக்கிறது: எவ்வளவு சீக்கிரம் மாறிவிடுவான் என்று நமக்குத் தெரியும், அவனும் அவசரமாகத்தான் பேசுகிறான். ‘பெனின்சுலா’வில் ஐ.நா. ஹெலிகாப்டர் காத்திருக்க, லாரிக்குள் மாட்டிக்கொண்ட மின்-ஜியோங் ஹாரனை அழுத்தி ஜாம்பிகளைத் தன் பக்கம் இழுக்கிறாள். துப்பாக்கியைத் தன் தலையில் வைக்கிறாள், குழந்தைகள் அழுகிறார்கள், ஸ்லோ மோஷன், வயலின், மறுபடி ஸ்லோ மோஷன். ஜாம்பிகள் மரியாதையாகக் காத்திருக்கின்றன. பிறகு மனம் மாறி ஓடி வந்து பிழைத்தும்விடுகிறாள். அவள் பிழைத்ததில் தப்பில்லை. ‘ஜியோங்-சியோக் இந்தமுறை முயற்சி செய்தான்’ என்று காட்ட அதுவே சரியான முடிவு. ஆனால் பிழைக்கப்போகிறவளுக்கு ஒரு முழு இழவு வீட்டுப் பாட்டையும் பாடிவிட்டுக் காப்பாற்றினால், அழுதவர்களுக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும். சூ-ஆன் சுரங்கத்துக்குள் பாடிக்கொண்டே வரும்போது சுடத் தயாராக இருந்த வீரன் விரலை எடுக்கிறானே, அந்தப் பாட்டு முதல் பாதியிலேயே பள்ளி மேடையில் பாடாமல் நின்ற பாட்டு. இங்கே அப்படி முன்னால் விதைத்தது ஒன்றே ஒன்றுதான் விளைகிறது. ரேடியோவில் ‘ஜேன்’ என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், மின்-ஜியோங் வீட்டிலேயே வாழும் கிம் தாத்தாவைப் பைத்தியம் என்று எல்லோரும் நினைக்க, அவர் போன பிறகு ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் அதிகாரியின் பெயர் ஜேன்.

படத்தில் இன்னொரு நல்ல கணமும் உண்டு, அதுவும் கதவுதான். பணத்தோடு கப்பலுக்குள் லாரியை ஓட்டிவந்த கேப்டன் சியோவை, பணத்துக்குப் பேரம் பேசிய ஹாங்காங் கும்பலே சுட்டுவிடுகிறது. சாகும் தறுவாயில் அவன் லாரியைப் பின்னுக்கு எடுத்துக் கப்பலின் வாயில் நிறுத்திவிடுகிறான். கதவு மூடவில்லை, ஜாம்பிகள் உள்ளே நுழைகின்றன. மொத்தப் படத்திலும் நெஞ்சில் நிற்கும் இரண்டு இடங்களும் கப்பலில் நடப்பவை என்பது தற்செயல் அல்ல.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘பெனின்சுலா’ வசூலில் கவிழ்ந்த படம் அல்ல. கொரோனா நடுவில், இருக்கை விட்டு இருக்கை உட்காரவைத்த காலத்தில், கொரியாவில் சுமார் 38 லட்சம் பேர் பார்த்தார்கள். சிங்கப்பூர், மலேசியா, தைவான் எனத் திறந்திருந்த ஊர்களில் எல்லாம் கூட்டம் வந்தது. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த தியேட்டருக்குப் போன முதல் பெரிய படம் என்பதால் சிலருக்கு அது நல்ல நினைவாகவும் இருக்கிறது. கான் அந்த வருடம் நடக்கவில்லை என்றாலும் அதிகாரபூர்வத் தேர்வுப் பட்டியலில் படம் இருந்தது. ஏமாற்றம் என்பது வீட்டில் உட்கார்ந்து, முதல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம்.

பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம், சில முன்னேற்பாடுகளோடு. முதல் படத்தைப் பார்த்த கையோடு போடாதீர்கள். குறைந்தது சில வாரமாவது இடைவெளி விடுங்கள். இதை அழிந்த நகரத்தில் நடக்கும் கொள்ளைப் படம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி ஏமாற்றம் குறையும். அறையை இருட்டாக்குங்கள். பகலில் ஜன்னல் திறந்து வைத்துப் பார்த்தால் முக்கால்வாசிக் காட்சி கறுப்பாகத்தான் தெரியும். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் மாதிரி, அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கணினிக் காட்சிகளை இன்னும் பொம்மைத்தனமாக்கும். கொரிய ஒலியில் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது, ஆனால் ஆங்கிலம் பேசும் பகுதிகளில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பொறுமையே இல்லை என்றால், தொடக்கக் கப்பல் பகுதி, லாரியைத் தேடிப்போய் ஜூனியும் யூ-ஜினும் காரில் வந்து காப்பாற்றுவது வரை, பந்தயக் கூண்டு, கடைசித் துறைமுகம், இவை போதும். நடுவில் திட்டம் போடும் பகுதியைத் தாண்டினாலும் கதை புரியும்.

முதல் படத்தின் தொடர்ச்சியாக உண்மையிலேயே ஏதாவது வேண்டும் என்றால் ‘சியோல் ஸ்டேஷன்’ பாருங்கள். 2016 ஆகஸ்டில் வந்த அனிமேஷன் படம், இயக்கம் அதே யோன் சாங்-ஹோ. இவர் அடிப்படையில் அனிமேஷன்காரர். நடிகர்களை வைத்து எடுத்த முதல் படமே ‘ட்ரெயின் டு புசான்’தான். ரயில் கிளம்புவதற்கு முந்தைய இரவில், சியோல் நிலையத்தில் படுத்துறங்கும் வீடற்றவர்களிடையே தொற்று பரவுவதுதான் கதை. நோய் எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் அதிலும் கிடையாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். நாயகிக்குக் குரல் கொடுத்த ஷிம் உன்-கியோங்தான், ரயில் கிளம்பும் நொடியில் காலில் கடியோடு ஓடிவந்து ஏறும் அந்த முதல் பெண்ணாகவும் நடித்தவர். கார்ட்டூன்தானே என்று குழந்தைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். மூன்றிலும் கசப்பானது அதுதான், முடிவில் ஆறுதலுக்கு ஒரு பாட்டுகூட வராது.